அஞ்சுக்கு ஒண்ணு

கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். எண்பத்தொன்று அக்டோபரில் மூன்றாவது முறையாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போடிக்கு வந்தபோது என்னைப் பெற்ற அய்யா கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் சொதப்புனீன்னா, பொன்னுமணி, வெளிய வந்ததும் நேரா ஜீப்புல ஏறு. மலையில காய் பறிக்க ஆள் பத்தல."

கடைசிப் பத்து மார்க் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நூறு கிலோ பச்சை ஏலக்காயின் எடையில் எண்பது சதவீதம் நீர். காய்ந்தபின் இருக்கும் எடையில் இருபது சதவீதம் நீர். காய்ந்த காய் எத்தனை கிலோ? ஏலத்தோட்டத்தில் பிறந்தவளிடம் இதையா கேட்பது? அஞ்சு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது என்பது எங்கள் மலையில் எல்லார் வாயிலும் இருக்கிற கணக்கு. இருபது என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மற்ற விடைகளைக் கூட்டிப் பார்த்தேன். இருபத்தாறு தேறும். பாஸாக முப்பத்தைந்து வேண்டும். இந்தப் பத்து போனால் நானும் போனேன். பயத்தில் மறுபடி படித்தேன். நூறில் எண்பது நீர் என்றால், நீர் போக மிச்சமே இருபது கிலோ. அப்படியானால் காய்ந்த காயில் இருக்கிற நீர் எங்கே?

அடித்தேன். இருபதில் இருபது சதவீதம் நான்கு. இருபத்துநான்கு என்று எழுதிச் சரிபார்த்தேன். இருபத்துநான்கில் நான்கு, ஐந்தில் ஒன்றாக வரவில்லை. போன இரண்டு பரீட்சையிலும் இப்படிச் சிக்கியதும் பேனாவை மூடிவிட்டு அழுதேன். இப்போதும் அழுகை வந்தது, எரிச்சல் அதைவிட அதிகமாக வந்தது. மறுபடி அடித்தேன். நீரில்லாத மிச்சம் ஐந்தில் நான்கு பங்கு. நான்கு பங்கு இருபது என்றால் ஒரு பங்கு ஐந்து. மொத்தம் இருபத்தைந்து! எழுதி முடிக்கவும் தாளைப் பிடுங்கவும் சரியாக இருந்தது.

வெளியே, கூட எழுதிய ஜக்கம்மாள், "கடைசிக் கணக்கு இருபதுதானடி?" என்றாள். எங்கள் ஊர்க் குரங்கணிப் பிள்ளைகள் எல்லாரும் போட்டது இருபதுதான். ஜீப்பருகே நின்ற அய்யாவின் காதிலும் விழுந்தது.

"நீ என்ன போட்ட?"

"இருபத்தஞ்சு."

"அஞ்சுக்கு ஒண்ணுன்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே ஆத்தா! ஏறு வண்டில."

"மூணு தடவ போட்டுப் பாத்தேன்யா. நான் போட்டதுதான் சரி. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் ஏற மாட்டேன்."

ஜீப் அய்யாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. நான் போடிக்குப் பக்கத்து ஊரான சிலமலையில் சித்தி வீட்டில் கிடந்தேன். அய்யா என்னோடு பேசவே இல்லை.

கணக்கில் முப்பத்தாறு வந்தது. சித்தி வீட்டுக்கு வந்த அய்யா மார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் வாய் திறந்தார்.

"அடுத்து என்ன படிக்கப் போற?"