நிரந்தரமாக மூடப்பட்டது

கடைத் தொலைபேசி மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை. வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் ரிப்பேர் செய்கிற கடையில் போன் அடிக்கவில்லை என்றால் அடுப்பு எரியாது.

மெக்கானிக்கும் அவர் மனைவியும் மகளின் பிரசவத்துக்காக ஷட்டரை இறக்கிவிட்டு வெளியூர் போயிருந்தார்கள். பேரனைக் கொஞ்சிவிட்டுத் திரும்பியதிலிருந்து இப்படித்தான். லைனில் கோளாறோ என்று மனைவி தன் செல்போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். மணி கணீரென்று அடித்தது. விசிட்டிங் சார்ஜைக் குறைத்து போர்டில் எழுதி மாட்டினாள். அக்கம்பக்கத்துத் தெருக்களில் புதுக்கடை ஏதும் முளைத்திருக்கிறதா என்று நடந்தே பார்த்தாள். ஒன்றும் இல்லை. கடைக்குள் ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை.

அவள் தம்பி பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் சூப்பர்வைசர். மாமாவுக்கு அங்கே ஒரு வேலை காலியாக இருக்கிறது, சனிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும் என்றான். மெக்கானிக் பாதி மனதாகத் தலையாட்டியும் விட்டார். அவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. போனை எடுப்பது, யார் வீட்டுக்கு எப்போது என்று முடிவு செய்வது, உதிரிபாகம் வாங்குவது எல்லாம் இத்தனை வருடமும் அவள் பொறுப்பு. கடையில் பாதி அவள். சர்வீஸ் சென்டரில் அவளுக்கு நாற்காலி கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை, மெக்கானிக் வாசலில் ஒரு பழைய மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வந்த டீச்சர் ஒருத்தி அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பழைய வாடிக்கையாளர்தான். கையிலிருந்த விடைத்தாள்கள் நழுவித் தரையில் பரவின.

"சார்... நீங்களா?"

"நான்தான். மறுபடி தண்ணி ஒழுகுதா டீச்சர்?"

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. மனைவி ஓடிவந்து கையைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். டீச்சர் தன் போனை எடுத்து, இணைய வரைபடத்தில் அவர்கள் கடையைத் தேடி நீட்டினாள். கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் இருந்தது: நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்கும் கீழே, கறுப்பு வெள்ளையாக்கிய மெக்கானிக்கின் முகம். சுற்றிலும் வரிசையாக மெழுகுவர்த்திகள்.

மனைவி விருட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் ஸ்பானருடன் உட்கார்ந்துதான் இருந்தார்.

டீச்சர் சொன்னதையும் தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. இவர்கள் ஊரில் இல்லாத வாரம், மாடியில் குடியிருந்த முதியவரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள், அவர் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து மெஷினோடு வந்த யாரோ ஒருவர், இறக்கிய ஷட்டரைப் பார்த்துவிட்டு வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறார். வேலைக்குப் புதிதான வாட்ச்மேன், இந்தக் கட்டடத்துப் பெரியவர் தவறிவிட்டார் என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். வந்தவர் வரைபடத்தில் கடை மூடப்பட்டதாகக் குறித்து, கனத்த மனதோடு நாலு வரி அஞ்சலியும் எழுத, படித்தவர்களெல்லாம் தொடர்ந்து எழுதிவிட்டார்கள்.

"ஒருத்தராவது போன் பண்ணிக் கேக்கக் கூடாதா டீச்சர்?"

"துக்க வீட்டுக்குப் போன் பண்ணி என்னன்னு கேக்கறதும்மா? நானும் ரெண்டு வரி எழுதிட்டேன்."

மெக்கானிக் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார். படிக்கப் படிக்க முகத்தில் களை ஏறியது. உரக்க வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார். நேர்மையான மனிதர் என்றது ஒன்று. சொன்ன நாளில் ஒருமுறைகூட வந்ததில்லை, ஆனால் அவர் கைவைத்த மெஷின் மறுபடி மக்கர் பண்ணியதில்லை என்றது இன்னொன்று. உயிரோடு இருந்தபோது ஒரு பயலும் இதைச் சொன்னதில்லை, சாகாமலே கிடைத்த சர்டிபிகேட் என்று சிரித்தார். சட்டென்று குரல் நின்றது. கட்டைவிரல் மட்டும் அவசரமாகத் திரையைத் தள்ளியது.

அவள் போனைப் பிடுங்கினாள்.

'பாவம் அந்த அம்மா, இனி என்ன செய்வாரோ. போனை எடுத்தாலே நாம்தான் மெஷினைக் கெடுத்த மாதிரி குறுக்கு விசாரணை செய்வார். அவருக்குப் பயந்தே போன வருஷம் வேறு ஆளைக் கூப்பிட்டேன்.'

அதன்கீழ் ஒருவர் 'நானும்தான்' என்றிருந்தார். அந்த அம்மா சாப்பிடப் போகிற நேரம் பார்த்துத்தான் தான் கூப்பிடுவது வழக்கம் என்று இன்னொருவர். கட்டைவிரலை உயர்த்தியவர்கள் ஏராளம்.

புருஷன் செத்துப்போன செய்தியை அவள் தாங்கிக்கொண்டாள். ஆள் எதிரே இருந்தாரே. இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீங்களும் இதுக்குக் கட்டைவிரல் போட்டிருக்கீங்களா டீச்சர்?"

டீச்சர் தம்ளருக்குள் பார்த்தாள். "கை தவறிப் பட்டிருக்கும்மா."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அரசல் புரசலா."

"ஏன் சொல்லலை?"

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?"

டீச்சரே அங்கே உட்கார்ந்தபடி சிவப்பு எழுத்தை நீக்கச் சொல்லி விண்ணப்பம் அனுப்பினாள். மெக்கானிக்கை மோட்டாரோடு படம் பிடித்து, ஆள் நலம், தகவல் தவறு என்று எழுதிப் போட்டாள். போகும்போது, தன் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது என்று தேவையில்லாமல் இரண்டு தடவை சொன்னாள்.

விளக்கு வைத்த நேரத்தில் போன் அடித்தது. மெக்கானிக்கின் கையெல்லாம் கிரீஸ். அவர் அவளைப் பார்த்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ரிசீவரை எடுத்தாள். தேனில் தோய்த்த குரலில், வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள்.

மறுமுனையில் ஓர் ஆண் குரல். "சாரிங்க, ராங் நம்பர்." வைத்துவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் வந்த ஒரே கால். அதை விட அவளுக்கு மனமில்லை. போனின் திரையில் தெரிந்த எண்ணைத் திருப்பி அழுத்தினாள்.

"இப்பத்தானே கூப்பிட்டீங்க? ரிப்பேர் கடைதான். ஏன் வெச்சீங்க?"

"அம்மா, நீங்கதானா! குரல் வேற மாதிரி இருந்துதா, நம்பர் மாறிப்போச்சுன்னு நினைச்சேன். மெஷின் சுத்த மாட்டேங்குதும்மா."

உள்ளே என்னத்தைப் போட்டுத் தொலைத்தீர்கள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அந்த ஆள் நிதானமாகச் சுற்றி வளைத்துப் பேசினார். அவள் குறுக்கிடவில்லை. கடைசியில் அவரே குரலைத் தாழ்த்தி, வாசல் மிதியடியை உள்ளே போட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். விலாசத்தை எழுதிக் கணவரிடம் நீட்டினாள்.

"கிளம்புங்க."

"நாளைக்குக் காலையில..."

"இன்னிக்கே."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவள் தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

"மாமா வேலைக்கு வரலைடா," என்றாள். காரணம் கேட்டான். இப்போது சொன்னால் நம்பமாட்டாய், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்றாள்.