ஹாஜறா போட்ட மதிப்பீடு

சாய்ந்தமருதில் எங்கே வீடு கட்டினாலும் மாதத்தில் ஒருநாள் ஹாஜறா அங்கே போவாள். கல் வைத்துக் கட்டுகிற மேசனுக்கு நாட்கூலி என்ன, அவனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக்கொடுக்கிற கையாளுக்கு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்வாள். கொழும்பிலிருந்த ஓர் ஆய்வு நிலையம் அவளை அதற்காக வைத்திருந்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கடைசியில், இன்னும் மூன்று வருடத்தில் இந்த இரண்டு கூலியும் எப்படியிருக்கும் என்று மதிப்பிட்டு அனுப்பச் சொன்னார்கள்.

அவளுடைய கணவன் மசூரும் கையாள்தான். வேலை முடிந்து வந்த ஒரு பின்னேரம் அவள் எழுதிக்கொண்டிருந்த தாளை எட்டிப்பார்த்தான்.

"என்ன போட்டிரிக்காய்?"

"மேசனுக்கு நானூத்தம்பது. கையாளுக்கு எரநூறு."

"இப்ப எரநூத்தம்பதும் நூத்தம்பதும்தானே?"

"ஓம். தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் ஏறும் போல இரிக்கி."

மசூர் உடுத்திருந்த சாரத்தில் ஒட்டியிருந்த சீமெந்தைச் சுரண்டினான். "அப்ப நான் இப்பிடியே இருந்தாச் சரிவராது" என்றான்.

முப்பத்தாறு வயதுக்காரனுக்குத் தொழில் பழக்க ஊரில் எந்த மேசனும் விரும்பவில்லை. அங்கே போனால் பழகலாம் என்று ஆறு மாதத்தில் அவன் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கட்டார் நாட்டுக்குப் போனான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பழக்கத்தில் ஹாஜறா இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு, மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பாள்.

தொண்ணூற்றெட்டில் மேசனின் கூலி முந்நூற்றைம்பது. கையாளுக்கு இருநூற்றெழுபது. மாதாமாதம் எழுதிவந்ததைப் பழைய மதிப்பீட்டோடு வைத்துப் பார்த்தபோது அவளால் நம்ப முடியவில்லை. ஏழு இடத்தில் விசாரித்தாள்.

"கையாள் எங்க புள்ள கிடைக்கான்?" என்றார் ஒரு மேசன். "எல்லாரும் வெளிநாடு. கேட்ட சல்லியக் குடுத்தாத்தான் வாறாங்க."

கொழும்புக்கு உண்மைக் கணக்கை அனுப்பினாள். மசூருக்கும் எழுதினாள்: 'நான் போட்ட கணக்குப் பிழைச்சிட்டு. ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்திருங்க.'

பதில் வர ஒரு மாதமானது. அவன் தரைக்கு மாபிள் பதிக்கப் பழகிவிட்டான். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்தும் வைத்துவிட்டான். 'பிழைச்சா என்ன, தொழில் கைக்கு வந்திட்டு. ஒண்டும் யோசிக்காத' என்று முடித்திருந்தான்.

அவன் ஏசுவான் என்றே அவள் நினைத்திருந்தாள். ஏசியிருந்தால் திருப்பி எழுத ஏதாவது இருந்திருக்கும்.

அடுத்த மாதம் பாண்டிருப்பு ஊரின் கணக்கையும் தனக்கே தரும்படி நிலையத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கேயும் போனால் வீட்டுக்குத் திரும்ப மஃரிபுத் தொழுகை நேரம் ஆகிவிடும் என்று தெரிந்தேதான் கேட்டாள்.