நாற்பது நிமிஷ தூரம்

விமானச் சத்தம் கேட்டதும் தம்பிக்காரன் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான். அவன் பின்னால் சித்தி, பெரிய மாமா, அக்கம்பக்கத்துக்காரர்கள்.

“வந்துட்டாப்பா, மகராசி வந்துட்டா!” என்று சித்தி மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

அப்பா விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா இருக்கும் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். சுற்றி வரும் சாலையில் எட்டு மணி நேரம். மலைக்கு மேலே பறந்தால் நாற்பதே நிமிஷம். “காரெல்லாம் எதுக்குக்கா, மதியம் பிளேன்லயே வந்துடு” என்று சொன்னவன் தம்பிதான். பெரிய புத்திசாலி!

அப்பாவும் அக்காவும்கூட அந்தக் கணக்கை நம்பியே காலத்தை ஓட்டினார்கள். “நாப்பது நிமிஷம்தானேம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்” என்பார் அவர். “நாப்பது நிமிஷம்தானேப்பா, அடுத்த மாசம் வரேன்” என்பாள் அவள். இரண்டு வருஷமாக அந்த அடுத்த மாசம் வரவேயில்லை. தூரமாக இருந்திருந்தால் ஒருவேளை வந்திருப்பாள்.

காற்று பேயாக அடித்தது. அந்தச் சின்ன விமானம் கூரைகளுக்கு மேல் தள்ளாடியபடி ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே மலையைப் பார்த்துப் போய்விட்டது.

“என்னடா இது, போகுது?” என்றார் மாமா.

“எனக்கென்ன மாமா தெரியும்? நானா ஓட்டுறேன்?” என்று எரிந்து விழுந்தான். தெருவில் கிடந்த கல்லை ஓங்கி உதைத்தான். வெறுங்கால். வலி உச்சி மண்டைக்கு ஏறியது.

வெகு நேரம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்களாம்.

“காத்து ஜாஸ்தியாம்டா. எண்ணெய் போட்டுட்டு இன்னொரு தடவை வந்து பாப்பாங்களாம். அப்பவும் இறங்க முடியலைன்னா வேற ஊருக்குக் கொண்டு போயிடுவாங்களாம்.”

“அஞ்சு மணிக்கு மேல மயானத்துல விட மாட்டாங்கக்கா.”

“தெரியும். நீங்க எடுத்துடுங்க.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நம்ம வீடு தெரிஞ்சுதுடா. தெருவுல நீங்கள்லாம் நின்னது கூடத் தெரிஞ்சுது. வாசல்ல ஒரு நீல தார்ப்பாய். அதுக்குக் கீழதானே அப்பா?”

“ஆமாக்கா.”

“அப்பாதான் தெரியல.”

போனை வைத்தவன் நேரே போய் ஏணியைத் தூக்கி வந்து வாசல் கம்பத்தில் சாய்த்தான். ஏறி, தார்ப்பாய்க் கயிறுகளை அறுக்க ஆரம்பித்தான்.

“என்னடா பண்றே?”

“அவ வந்துட்டுப் போனப்புறம் தூக்கலாம் மாமா.”

“அவ்ளோ உசரத்துலேருந்து மூஞ்சி தெரியுமாடா, கூறுகெட்டவனே?”

“தெரியாது. ஏணியைப் பிடிங்க, ஆடுது.”

மாமா ஏணியைப் பிடித்தார். கடைசிக் கயிறு அறுந்ததும் தார்ப்பாயைக் காற்று வாரிக்கொண்டு போனது. வெயில் நேராக அப்பாவின் முகத்தில் அடித்தது. சித்தி பதறிப்போய் உள்ளேயிருந்து குடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“குடை வேணாம் சித்தி” என்றான் அவன், ஏணியிலிருந்தபடியே.