நாரைத்துறையார் இருந்த சுவர்

கூரை ஒழுகித்தான் விஷயம் வெளியே வந்தது. உள்கட்டு அறையின் வடக்குச் சுவரில் வெள்ளைத்தாள் ஒரு மூலையில் உரிந்து தொங்கியது. அடியில் மை தெரிந்தது. பெரியப்பா தேக்யோன் கண்ணை இடுக்கி இரண்டு வரி படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காங்னுங் ஊர் ஹாம் குடும்பம் ஐந்து வருடமாகத் தேடிய தாள்கள் அவை. நாரைத்துறையார் என்ற பெயரில் கவிதை எழுதிய பாட்டனார் ஐந்து தலைமுறைக்கு முந்தியவர். அரசனிடம் தவறைச் சுட்டிக்காட்டுவதே அவர் உத்தியோகம். சுட்டிக்காட்டினார், கோஜே தீவுக்கு நாடுகடத்திவிட்டார்கள். மற்ற கவிதைகளையெல்லாம் அச்சடிப்பதற்காகப் பலகையில் செதுக்கியாகிவிட்டது. தீவில் எழுதியவை மட்டும் கிடைக்காமல் தொகுப்பு நின்றுபோயிருந்தது.

அந்தச் சுவருக்குத் தாள் ஒட்டியவள் தேக்யோனின் தம்பி மகன் யுன்சோக்கின் மனைவி. போன வசந்தத்தில் அவன் தேர்வெழுதத் தலைநகர் போயிருந்தபோது பிரசவத்துக்காக அறையைத் தயார் செய்திருக்கிறாள். அவன் திரும்பியபோது அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. அன்று பூட்டிய அறை.

வெள்ளைத்தாளுக்கு அடியில் பழைய தாள் ஒட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

"அதுக்காகப் பாட்டனாரையா ஒட்டுவாங்க? படிக்கத் தெரியாத பொம்பளை கையில சிக்கிட்டாரேடா. அடுப்புக்குப் போகாம தப்பிச்சாரே, அதைச் சொல்லு," என்றார் பெரியப்பா. தொகுப்பின் பின்னுரையில் இதையும் எழுதப்போவதாகச் சொன்னார். அறியாத பெண் ஒருத்தியின் கையில் கவிதைகள் பட்ட பாடு என்று.

யுன்சோக் சுவரைத் தானே உரிப்பதாக மட்டும் சொன்னான். அவள் கை கடைசியாகப் பட்டது அந்தச் சுவரில். உரித்துவிட்டால் பின்னுரையில் அந்த வரிதான் அவளுக்கு மிச்சம்.

வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினான். தாள்கள் கிழியாமல் வந்தன. ஓரத்தில் மட்டும், மெல்லிசாகப் பசை தடவியிருந்தாள். பாதிச் சுவர் முடிந்தபிறகுதான் கவனித்தான். ஒரு தாள்கூடத் தலைகீழாக இல்லை. ஒவ்வொரு கவிதையின் கீழும் நாரைத்துறையார் மாதம் குறித்திருந்தார். கதவோரம் அவர் தீவில் இறங்கிய மாதம். பக்கத்தில் அடுத்த மாதம். மூலை திரும்பியும் வரிசை தப்பவில்லை. கடைசிக் கவிதை, தலையணை போடும் இடத்துக்கு நேராக இருந்தது.

அவளுக்குப் படிக்கத் தெரிந்திருக்கிறது. மணமான மூன்று வருடத்தில் ஒருநாளும் அவன் கேட்டதில்லை.

தாள்கள் அவளுக்கு எங்கே கிடைத்திருக்கும் என்று பரணில் ஏறித் தேடி, ஒரு பழைய பெட்டியை எடுத்தான். உள்ளே எலிக்கூடு. நகமளவு துணுக்குகள், ஒவ்வொன்றிலும் அதே கையெழுத்தின் மை. கொண்டுவந்து பெரியப்பா முன்னால் வைத்து, சுவரில் இருந்த வரிசையையும் சொன்னான். அவர் புகைக்குழாயின் நுனியால் துணுக்குகளைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"படிக்கத் தெரியும்னு நீயாவது சொல்லியிருக்கலாமேடா."

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும், பெரியப்பா. பின்னுரையில அந்த வரி வேண்டாம். வேற எழுதணும்."

பாட்டனார் தொகுப்பில் பெண்பிள்ளை சமாசாரமா, மற்ற வீட்டார் சிரிப்பார்கள் என்றார் பெரியப்பா. செதுக்குவதற்கு நல்ல பிரதி எழுதுகிறவன் யுன்சோக். அவனுடைய கையெழுத்துக்கு ஈடாக அந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது.

"சரி, விடுங்க. தாளைத் திரும்ப ஒட்டிடறேன்."

"மிரட்டறியா?"

"இல்ல. பசைமாவு மீதி வெச்சிருக்கா."

பெரியப்பா புகைக்குழாயைத் தட்டிக் கீழே வைத்தார்.

"ஒரே வரி. பேரு கூடாது."

'எலிக்குத் தப்பிய தாள்களை வரிசை மாறாமல் சுவரில் வைத்துக் காத்தவள் இந்த வீட்டுக்கு வந்த பியோ குலத்துப் பெண்' என்று எழுதினான். அவள் பெயர் அந்த வீட்டில் அவனுக்கு மட்டுமே தெரியும். எழுதவில்லை.

செதுக்கு வேலை செய்யும் பௌத்தத் துறவி பேரிமரப் பலகையில் பசை தடவினார். பிரதி எழுதிய தாளைக் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவார்கள். தாள் மிஞ்சாது.

"ஓரத்துல மட்டும் தடவக்கூடாதா, சாமி?"

"எழுத்து நகந்துடும், தம்பி. முழுசாத்தான் ஒட்டணும்."

யுன்சோக் தலையசைத்தான். துறவி தாளை உள்ளங்கையால் நீவிவிட்டார். இடவலம் மாறித் தெரிந்த அந்த வரியின் கடைசி எழுத்தை உளி முடிக்கும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.