முதல் இருநூறு எழுத்து

என் மனைவியின் வேலைக்கு உலை வைத்தவன் நான்தான். வேறு யாராவது செய்திருந்தால் சண்டைக்காவது போயிருப்பேன்.

இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. நோயாளிகளுக்கான கையேடுகளை அவள் தமிழில் எழுதுகிறாள். கணினியில் தேடினால் அவை கிடைக்கும்படி வைப்பது என் பாடு. ஒவ்வொரு கையேடும் எந்த மொழி என்பதைப் புதிய தேடல் அமைப்பு தானே கண்டுபிடித்துக்கொள்ளும். முழுவதையும் படித்தால் நேரமாகுமே, முதல் இருநூறு எழுத்தைப் பார்த்தால் போதும் என்று அதற்குக் கட்டளையிட்டுவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சியபடி காபி குடிக்கப் போனேன்.

எங்கள் கையேடு எதுவானாலும் உச்சியில் அரைப்பக்கம் ஆங்கில அறிவிப்பு இருக்கும். இருநூறு எழுத்து அதில் முகவரியைக்கூடத் தாண்டாது. அவள் ஆறு வருஷமாக எழுதிய அறுநூற்றுப் பதினோரு கையேடும் ஆங்கிலப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன. மாத அறிக்கையில் தமிழுக்கு நேராகப் பூஜ்யம். அதைப் பார்த்த மேலாளர் அம்மா, தமிழ்ப் பிரிவை மூடுவது பற்றி வியாழக்கிழமை பேசலாம் என்று கூட்டத்துக்கு அழைத்திருந்தார்.

புதன் மாலை, அவள் பாத்திரம் தேய்க்கும்போது விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கையும் சோப்பாக இருந்தால் அடி விழாது என்று ஒரு நம்பிக்கை. அவள் குழாயை மூடினாள்.

"ஆறு வருஷமா நான் இங்கிலீஷ்லயா எழுதிட்டிருந்தேன்?"

"மெஷின் அப்படி நினைச்சுடுச்சு."

"அதுக்குச் சொல்லிக்கொடுத்த மகராசன் யாரு?"

மகராசன் தட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். அறிவிப்பை விட்டுவிட்டு மீதி முழுவதையும் படித்து மொழியை முடிவு செய் என்று மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். என் நாற்காலியை அவள் பிடுங்கிக்கொண்டாள். நான் குப்பைக்கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். தமிழுக்கு நேராக ஒன்று வந்தது. பிறகு ஒன்பது. நாற்பதைத் தாண்டியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'பல் பிடுங்கிய பின்', 'கட்டுப் போட்ட காலோடு குளிப்பது' என்று தலைப்பு தலைப்பாகப் படித்தாள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை வாசலில் நின்று எண்ணுகிறவள் மாதிரி. அறுநூற்றுப் பதினொன்றில் நின்றபோது என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அன்பாகத்தான், இருந்தாலும் வலித்தது.

பத்து மணிக்குக் கூட்டம். தப்பு என்னுடையது என்றேன். மேலாளர் அம்மா "ஓகோ" என்றார். புது எண்ணிக்கையைக் காட்டினேன், "பார்ப்போம்" என்றார். அந்த மாதம் தமிழில் தேடி வெறுங்கையோடு போனவர்களின் பட்டியலை நீட்டினேன். இரண்டாயிரத்துச் சொச்சம் தேடல்கள். கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தமிழ்ப் பிரிவு இருக்குமா, இருக்காதா மேடம்?"

மனைவி என் காலை மிதித்தாள்.

"இருக்கும்," என்றார். "இத்தனை பேர் தேடுறாங்கன்னா இவங்க ஒருத்தர் பத்தாது. இன்னொருத்தரையும் சேர்க்கிறோம்."