க்ளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து போகிறவர்

ஆவடி தியேட்டரில் பேய்ப் படம் போட்டால் நடேசன் தவறாமல் வருவார். க்ளைமாக்ஸுக்கு முன்னால் தவறாமல் எழுந்து போய்விடுவார். இதை முதலில் கவனித்தவன் அங்கே கேன்டீன் வைத்திருந்த மசூத். இடைவேளைக் கூட்டம் உள்ளே போனபின், எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் சமோசாவில் ஒன்றை அவனே பிட்டு வாயில் போட்டுக்கொள்ளும் நேரத்தில் ஹாலின் கதவு மெல்லத் திறக்கும். வெள்ளைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக அந்த மனிதர் வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பார். அவருக்குப் பின்னால் உடுக்கையும் மந்திரமுமாக ஸ்பீக்கர் அதிரும்.

“இன்னா அண்ணாத்தே, பயந்துகினியா?” என்று மசூத் கேட்பான்.

“அதெல்லாம் இல்லப்பா. டிரெய்னுக்கு நேரமாச்சு.”

அவர் வீடிருக்கும் கொரட்டூருக்குப் போகிற மின்ரயில் அடுத்தடுத்து வந்துகொண்டேதான் இருக்கும். அது மசூதுக்கும் தெரியும். இருந்தாலும் அதற்கு மேல் கேட்கமாட்டான். ஒரு டீயைப் போட்டுக் கொடுப்பான். குடித்துவிட்டுப் போவார்.

நடேசன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் முன்னால் நின்றே வயதைக் கழித்தவர். வேலையிலிருந்து நின்ற வருஷத்து மழைக்காலத்தில் அவர் மனைவி அஞ்சலை காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. ஒரே மகன் விஷாலுக்குப் புனே பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை. காரியம் முடிந்து கிளம்பும்போது, “நீயும் என்கூட வந்துடு நைனா” என்றான். அவன் அங்கே ஒற்றை அறையில் கூட்டாளிகளோடு படுத்துக் கிடப்பது இரண்டு பேருக்கும் தெரியும். “பாக்கலாம்டா” என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். சாப்ட்டியா, மாத்திரை போட்டுகினியா, சரி நைனா, வெச்சிடறேன். அவ்வளவுதான்.

முதல் பேய்ப் படத்துக்கு அவர் தெரிந்து போகவில்லை. ஏதோ வேலையாக ஆவடி போனவர், வெயில் தாங்காமல் தியேட்டருக்குள் நுழைந்து உட்கார்ந்தார். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை. அதில் செத்துப்போன மருமகள் ஒருத்தி வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இருட்டில் அடுப்படிக்குப் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, பாத்திரத்தை எடுத்து, தண்ணீர் குடித்தாள். ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. தியேட்டரே வீல் என்று அலறியது. நடேசனுக்குப் பக்கத்தில் இருந்த பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டான். நடேசன் அலறவில்லை. அஞ்சலையும் அப்படித்தான் குடிப்பாள், ஃப்ரிட்ஜ் கதவை மூடாமல். அதற்காக அவர் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறார்.

அன்றைக்கு ரயிலில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தார். மற்றப் படங்களில் செத்தவர்கள் போட்டோவாகிவிடுகிறார்கள். மாலை போட்டு, சின்ன விளக்கு ஒன்றை எரிய விட்டு, அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். பேய்ப் படத்தில் மட்டும்தான் செத்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

அதன்பிறகு எந்தப் பேயையும் அவர் விடவில்லை. தமிழ்ப் பேய், தெலுங்கிலிருந்து வந்த பேய், டப்பிங் பேசும் இங்கிலீஷ் பேய். வெள்ளைக்காரப் பேய் அலமாரிக்குள் ஒளியும், கட்டிலுக்கடியில் கிடக்கும். நம் ஊர்ப் பேய்க்கு மல்லிகைப்பூ வேண்டும், கொலுசு வேண்டும், பழி வாங்க ஓர் ஆள் வேண்டும். எதைப் பார்த்து ஜனம் பயப்படுகிறது என்பது பார்க்கப் பார்க்க அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. பேய் வரும்போது பாதி பேர் சிரித்துவிடுவார்கள். அதற்கு முன்னால், சத்தமெல்லாம் அடங்கி, ஒருக்களித்த கதவு ஒன்றையே காமிரா பார்த்துக்கொண்டிருக்கும் பாருங்கள், அப்போதுதான் ஹாலில் ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள்.

மசூத் இதையே வேறு மாதிரி சொன்னான். “பேய் வராத வரைக்கும்தான் அண்ணாத்தே பயம். கைல கீற பாப்கார்ன் அப்படியே நிக்கும். வந்துட்ச்சின்னு வெச்சுக்க, துன்ன ஆரம்பிச்சிடுவானுங்கோ. நல்ல பயங்கரமான படம்னா இடைவேளைல எனுக்கு வியாபாரமே ஆவாது.”

நடேசனுக்கு அந்தக் கதவுதான் பிடிக்கும். எல்லோரும் வந்துவிடக் கூடாதே என்று பதறும்போது அவர் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்து, வரட்டும், வரட்டும் என்று காத்திருப்பார். வந்தபின் படம் வேறு வழியில் போகும். கடைசியில் யாராவது மந்திரவாதியைக் கூட்டி வருவார்கள். எலுமிச்சம்பழம், குங்குமம், ஹோமகுண்டம் எல்லாம் திரையில் வந்ததும் அவர் செருப்பைத் தேடுவார்.

ஒருநாள் சாயங்காலம் கொரட்டூரில் நல்ல மழை, கரெண்ட் போய்விட்டது. நடேசன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை. மறுபடியும் கேட்டது. ஏதோ ஒன்று மெதுவாக நகர்ந்தது.

“அஞ்சல?” என்று கூப்பிட்டார்.

சத்தம் நின்றது. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போனார். ஜன்னல் வழியாகப் பெருச்சாளி ஒன்று கொல்லைப்பக்கம் குதித்து ஓடியது. டம்ளரை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டு, கரெண்ட் வரும்வரை அங்கேயே நின்றார். பேய்ப் படங்கள் எதுவும் தராத பயத்தை அவர் உணர்ந்தது அப்போதுதான். வீட்டில் யாருமில்லை; இனி யாரும் வரப்போவதுமில்லை.

அடுத்த கோடையில் புதுப் பேய்ப் படம் ஒன்று வந்தது. விளம்பரத்துக்காக ஒரு போட்டி வைத்தார்கள். தினமும் காலையில், காட்சி தொடங்குவதற்கு முன், ஹாலில் ஒரே ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். இதயம் துடிக்கிற வேகம் வெளியே வரவேற்புக் கூடத்து டிவியில் கோடாக ஓடும். கோடு சிவப்பைத் தொட்டாலோ, ஆள் எழுந்து வந்தாலோ அவுட். கடைசிவரை உட்கார்ந்தால் பெரிய டிவி ஒன்று பரிசு. கல்லூரிப் பையன்கள் நாளுக்கு ஒருத்தராக வந்து, மார் தட்டி உள்ளே போய், இடைவேளைக்கு முன்னாலேயே சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள்.

மசூத் யாரையும் கேட்காமல் நடேசனின் பேரைக் கொடுத்துவிட்டான்.

“உனுக்கின்னா அண்ணாத்தே, கல்லு மாரி குந்தினு பாப்ப. ஒண்ணே ஒண்ணு, கடைசி வரிக்கும் இருக்கணும்.”

“வேணாம் மசூத். எனுக்கு இதெல்லாம் சரிப்படாது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு எதுவும் கிடைக்காமல் இதை மகனிடம் சொன்னார். விஷால் சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. “மெய்யாலுமா நைனா? எப்போலேர்ந்து நீ பேய்ப் படம்லாம் பாக்குற?” என்றான். என்னென்ன படம் பார்த்தார், எதில் எப்படிப் பேய் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ரூமில் இருந்தவர்களிடம் இந்தியில் ஏதோ சொன்னான், அவர்களும் சிரித்தார்கள். போனை வைக்கவே மனசில்லாதவன் போலப் பேசினான். “கண்டிப்பா போ நைனா. வீடியோ எடுக்கச் சொல்லு.”

நடேசன் போனார்.

நிகழ்ச்சி நடத்தும் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண்ணின் பெயர் ரேஷ்மா. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் வாக்கி-டாக்கியுமாக ஓடிக்கொண்டிருந்தாள். பட்டையைக் கட்டும்போது, “பி.பி., சுகர் ஏதாவது இருக்கா அங்கிள்? முடியலேன்னா உடனே எழுந்து வந்துடுங்க, சரியா?” என்றாள். அவர் முகமும் குரலும் வெளியே டிவியில் வரும்படி எதிரில் ஒரு காமிராவைப் பொருத்தியிருந்தார்கள். கதவைச் சாத்தினார்கள்.

ஆளில்லாத தியேட்டர் அவ்வளவு பெரியது என்று அவருக்கு அதுவரை தெரியாது. வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. கூட்டத்தோடு பார்க்கும்போது பக்கத்தில் யாராவது அலறுவார்கள், குழந்தை அழும், ஒருத்தன் விசிலடித்துத் தன் பயத்தை மறைப்பான். அதுவும் ஒரு துணைதான் என்று இப்போது தோன்றியது.

படத்தில் இளம் புருஷன் ஒருவன். பெண்டாட்டி விபத்தில் செத்துப்போகிறாள். கொஞ்ச நாள் கழித்து வீட்டில் ஏதேதோ நடக்கிறது. கொடியில் போட்ட அவன் சட்டைகள் காலையில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. நாற்காலி தானாக ஆடுகிறது. கண்ணாடியில் அவள் தெரிகிறாள். வெளியே டிவியில் நடேசனின் கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அவள் கூரையில் பல்லி போல ஊர்ந்து வந்தபோதும் அசையவில்லை. கூடத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். “பெருசு சும்மா தூங்குதுடா” என்றான் ஒருத்தன். “தூங்கல, கண்ண தொறந்துகினுதான் கீறாரு” என்றான் மசூத், தன் வீட்டு ஆள் ஜெயிக்கிற பெருமையோடு.

கடைசியில், வழக்கம்போல, மந்திரவாதி வந்தார். அவரைக் கூட்டி வந்தவன் அந்தப் புருஷனேதான். நடேசனின் கால் தானாகச் செருப்பைத் தேடியது. விஷாலின் சிரிப்பு ஞாபகம் வந்தது. எழாமல் உட்கார்ந்தே இருந்தார்.

ஹோமம் வளர்ந்தது. அதுவரை ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தவள் இப்போது அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். மந்திரவாதி குங்குமத்தை வீச வீச, அவள் சுருங்கிச் சுருங்கிச் சுவரோடு ஒட்டினாள். புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். “இது என் வீடுதானே?” என்று அவள் கேட்டாள்.

நடேசனின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. வெளியே டிவியில் அவர் கோடு முதல்முறையாக மேலே ஏறியது. இனிமேல் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை படங்களில் பார்க்காமல் ஓடி வந்தது அதைத்தான்.

“டேய்!” எழுந்து நின்றுவிட்டார். “உட்டுடுங்கடா அவள! அவ ஊடுடா அது! அவ பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா, உட்டுடுங்கடா!”

காலி ஹாலில் அவர் குரல் மோதித் திரும்பி வந்தது. பட்டை கூவியது. கதவுகள் திறந்தன.

கூடத்தில் ஒரே சிரிப்பு. யாரோ தோளில் தட்டி, “இன்னா பெருசு, க்ளைமாக்ஸ்ல கவுந்துட்டியே!” என்றார்கள். ரேஷ்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவளுக்குப் புரியவே இல்லை.

“பேய் வந்த சீன்ல எல்லாம் உங்க கோடு ஆடவே இல்ல அங்கிள். மந்திரவாதி வந்தா யாருக்கும் பயம் இறங்கத்தானே செய்யும். உங்களுக்கு மட்டும் ஏன் அங்க ஏறுச்சு?”

“பயந்துட்டேம்மா” என்றார் நடேசன். அது பொய்யில்லை.

கூட்டம் அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுக்கப் போனது. மசூத் அவரைக் கேன்டீனுக்குப் பின்னால், கூல்டிரிங்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தான். டீ கொடுத்தான். டீ சட்டையில் சிந்தியதைக்கூட நடேசன் கவனிக்கவில்லை. மசூத் கிண்டல் எதுவும் செய்யவில்லை. காமிரா வழியாக அவர் கத்தியது அவனுக்கு நன்றாகக் கேட்டிருந்தது.

“ஊட்ல அண்ணி...” என்று ஆரம்பித்தவன், குரலைத் தாழ்த்தினான். “எப்பவாச்சும் வராங்களா அண்ணாத்தே?”

நடேசன் தலையை ஆட்டினார். “இல்ல மசூத். வரவே இல்ல. இத்தினி நாளாச்சு. ஒரு தபா கூட வரல.”

மசூத் பக்கத்திலேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தான். யாரோ பாப்கார்ன் கேட்டுக் கூப்பிட்டார்கள். “இருப்பா, வரேன்” என்றான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

வீடியோவை அன்றைக்கே ஊரெல்லாம் பார்த்தது. கீழே சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தார்களாம். பக்கத்து வீட்டுக் கோமளா வந்து காட்டினாள், அவளும் சிரித்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பாவம், கொஞ்சம் கீரைக் கூட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. விஷால்.

“வீடியோ பாத்தேன் நைனா.”

“தோத்துட்டேன்டா. டிவி போச்சு.”

விஷால் சிரிக்கவில்லை. பின்னால் தொழிற்சாலை இரைச்சல் கேட்டது. வேலையின் நடுவே எங்கேயோ ஒதுங்கி நின்று பேசுகிறான் போலிருந்தது.

“இதுக்குத்தான் பேய்ப் படம் பாத்துகினு இருந்தியா?”

நடேசன் அடுப்படிக் கதவைப் பார்த்தார்.

“எனுக்கும் அம்மா கனவுல கூட வரல நைனா” என்றான் மகன். சொல்லும்போதே குரல் உடைந்தது.

சாப்ட்டியா என்று அவன் கேட்கவில்லை, சரி வெச்சிடறேன் என்றும் சொல்லவில்லை. அங்கே ஏதோ ஒரு இயந்திரம் ஓடி நின்றது. இங்கே தெருவில் காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி கடந்து போனது. மகன் மூக்கை உறிஞ்சும் சத்தம் அவருக்குக் கேட்டது. அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, திண்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.