அக்காவுக்குக் கொள்ளி வைத்தவள்

அழகையா கங்காணிக்குச் சாதிப் பைத்தியம் என்று சொன்னால் பைத்தியக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பைத்தியம் நடுநடுவே தெளியும், அவருக்குத் தெளிந்ததே இல்லை. மடுல்சீமை மலையில் ஐந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கிற கங்காணிமாரைக் கூட்டி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணவைத்து, சுத்தக் கூட்டம் என்று ஒன்றை நடத்திவந்தார். லயம் என்கிற வரிசை வீடுகளில், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கிவைத்த கீழ் லயத்தார் மேல் லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்தால் குடம் உடையும். ஏன் என்று கேட்டால் பல் உடையும். கொழுந்து நிறுவையில் குறையாதவரை வெள்ளைக்காரத் துரைக்கு இதெல்லாம் காதில் ஏறாது.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. மூத்தவள் ராசம்மா, இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். இளையவள் அங்கம்மா தோட்டத்திலேயே பிறந்தவள். அவளைப் பெற்றதோடு தாய் போய்ச் சேர்ந்துவிட, அக்காதான் அவளைத் தூக்கி வளர்த்தாள். சோறு ஊட்டியது அக்கா, புத்தி ஊட்டியது அப்பா. தினமும் காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் போகும் முன் அங்கம்மாவை எதிரே நிற்கவைத்துக் கேட்பார்.

"யார் கைத் தண்ணி விஷம்?"

"கீழ் லயத்துத் தண்ணி."

"ரெத்தம் கெட்டா என்ன செய்யணும்?"

"அறுத்து எறியணும்."

ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னால் கருப்பட்டித் துண்டு கிடைக்கும். ஆறு வயதில் கீழ் லயத்துப் பிள்ளை கொடுத்த கொய்யாப்பழத்தைக் கடித்துவிட்டாள். அன்று மஞ்சளைச் சுட்டு நாக்கில் வைத்தார். வைத்துவிட்டு அவரே மடியில் படுக்கவைத்து விசிறினார். அதுதான் கொடுமை. அடித்துப் போட்டிருந்தால் பிள்ளை வெறுத்திருக்கும். அவர் அன்பாகச் செய்தார். பொய் சொல்வது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "உள்ளதச் சொல்லு, உசிரே போனாலும்" என்பார். அங்கம்மாவும் பொய் என்ற ஒன்றை அறியாமலே வளர்ந்தாள்.

ராசம்மாவுக்கு மட்டும் அந்தப் பாடம் ஏறவில்லை. இருபதாவது வயதில் கீழ் லயத்தில் தப்படிக்கிற மாடசாமியோடு போய்விட்டாள். அதுவும் தூரமாகப் போகவில்லை. தோட்ட எல்லைக்கு வெளியே, ஒரு சிங்களவரின் காணியில் குடிசை போட்டுக்கொண்டு, மேல் மலையிலிருந்து பார்த்தால் அடுப்புப் புகை தெரிகிற தூரத்தில் குடும்பம் நடத்தினாள்.

கங்காணி கத்தவில்லை. மூன்றாம் நாள் மானாப்புல்லைக் கட்டி ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்யச் சொன்னார். அதற்கு ராசம்மாவின் சீட்டிச் சேலையைச் சுற்றி, பூப்போட்டு, பாடையில் ஏற்றினார்கள். ஐந்து தோட்டத்துச் சனமும் வந்து நின்றது. கொள்ளி வைக்கப் பங்காளி ஒருவன் முன்னே வந்தபோது கங்காணி அவனைத் தடுத்துவிட்டார்.

"கூடப் பொறந்த ரெத்தம் இருக்குறப்ப நீ எதுக்கு? அங்கம்மா, வா."

பதினோரு வயது அவளுக்கு. பெண்பிள்ளை கொள்ளி வைத்து அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. அப்பா கையைப் பிடித்துக் கொள்ளியைக் கொடுத்தார். வைத்தாள். காய்ந்த மானா சடசடவென்று பிடித்தது. அக்காவின் சேலை சுருண்டு கருகியபோது அங்கம்மா தொண்டை கிழிய அழுதாள், கூடியிருந்த பெண்களும் மாரில் அடித்துக்கொண்டார்கள். பதினாறாம் நாள் கருமாதிச் சோறு போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள், அவளும் சாப்பிட்டாள். தன் கையால் எரித்து, அழுது, சோறும் தின்று முடித்த ஒரு சாவைப் பொய் என்று நினைக்க எந்தப் பிள்ளையால் முடியும்?

அப்புறம் கொழுந்து பறிக்கப் போகும்போது எல்லையில் அக்காவின் உருவம் தெரியும். அது பேய், முகம் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும் என்று அப்பா சொல்லியிருந்தார். அங்கம்மா மூன்று தரம் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் அக்கா அல்லவா, பேயானாலும் பசிக்குமே என்று அவளுக்கு இருந்தது. இப்படியே இரண்டு வருஷம் போனபின் ஒரு அமாவாசையன்று யாருக்கும் தெரியாமல் எள்ளுச் சோற்றை உருண்டை பிடித்து, வாழை இலையில் வைத்து, எல்லையோரப் பாறையில் கொண்டுபோய் வைத்தாள். ராசம்மா வந்து பார்த்தாள்.

"எனக்கா புள்ள? எள்ளுச் சோறா?"

சிரிக்கத்தான் தொடங்கினாள், பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. நிறைமாத வயிறு, பசி வேறு. அங்கேயே குந்தி, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். அங்கம்மா தேயிலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவர்கள் சாப்பிடுவது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

அடுத்த வாரம் ஒரு பொழுதுசாயும் நேரத்தில் கங்காணி மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு எல்லைப் பக்கம் போவதை அங்கம்மா பார்த்தாள். கொஞ்சத்தில் மலைச்சரிவில் புகை எழுந்தது. திரும்பி வந்தவருக்குப் புருவம் கருகியிருந்தது. அவர் தட்டுப் போடச் சொல்லி வயிறாரச் சாப்பிட்டார். குடிசைக்குள் காய்ச்சலில் கிடந்த மாடசாமி கரிக்கட்டையாகிவிட்டான். தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போயிருந்ததால் ராசம்மா தப்பினாள். விசாரிக்க வந்தவர்கள் அடுப்பு நெருப்பு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த விஷயம் வெளியே வந்ததே இப்றாஹீம் நானாவால்தான். பதுளையிலிருந்து துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக வருகிற மனுஷன். குடிசையில் நெருப்பு எப்படிப் பிடித்தது பிள்ளை என்று அங்கம்மாவிடம் சும்மா கேட்டார்.

"அப்பா எண்ண டின்னு எடுத்துட்டுப் போனாரு. வந்தப்ப புருவம் கருகி இருந்திச்சு" என்றாள் அங்கம்மா. கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. நானா மூட்டையைக் கட்டிக்கொண்டு நேரே பதுளைக்குப் போனார். அங்கே அவர் இடம் கொடுத்த வீட்டுப் பின்கட்டில்தான் பிள்ளை பெற்ற உடம்போடு ராசம்மா கிடந்தாள். மனு எழுதப்பட்டது. இரண்டு மாதத்தில் அங்கம்மாவுக்குச் சம்மன் வந்தது.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. அப்பாவும் மகளும் மாட்டுவண்டியில் பசறை வழியாகப் போனார்கள். இன்னதைச் சொல், இன்னதை மறை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை.

"பயப்படாத. சத்தியத்தச் சொல்லு. எது சத்தியம்னு ஒனக்குத் தெரியும்" என்றார், அவ்வளவுதான். அவருக்குத் தன் வளர்ப்பின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

வண்டி ஆடிக்கொண்டு போனது. அங்கம்மாவுக்குள் ஒரு நினைப்பு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. செத்தவர்கள் சாப்பிடுவார்கள், சரி. செத்தவர்களுக்கு வயிறு பெருக்குமா? பேய்க்குப் பிள்ளை பிறக்குமா? அப்பாவிடம் கேட்கக்கூடாத கேள்வி என்பது மட்டும் புரிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் நினைத்த முதல் நினைப்பு அதுதான். முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பதுளைப் பக்கத்து மலைகள் கண்ணில் படும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்த உருவத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பப் போவதில்லை. அக்கா என்று சொல்லிவிடப் போகிறாள்.

கோர்ட்டில் கங்காணியின் வக்கீல் கெட்டிக்காரர். இந்தப் பெண் யாரோ, என் கட்சிக்காரரின் மூத்த மகள் செத்து இரண்டு வருஷமாகிறது, யாரோ ஒருத்தியின் குடிசையைக் கொளுத்த அவருக்கு என்ன பகை என்று கேட்டார். ஐந்து கங்காணிமார் வரிசையாக வந்து, ஆமாம், கருமாதிச் சோறு சாப்பிட்டோம் என்று கற்பூரம் அணைத்த அதே கையால் சத்தியம் செய்தார்கள். ராசம்மாவிடம் பிறப்புச் சீட்டு ஒன்றும் இல்லை. கீழ் லயத்தில் ஒருவரும் வாய் திறக்கத் துணியவில்லை. ஆக, எல்லாம் அங்கம்மாவின் வாயில் இருந்தது. இவள் என் அக்கா, அப்பா எண்ணெய் டின் எடுத்துப் போனார் என்ற இரண்டு வார்த்தை போதும். வழக்கு பெரிய கோர்ட்டுக்கு ஏறும், கங்காணி தூக்குக்குப் போவார். இல்லையென்றால் ராசம்மா பொய்க்காரி, மாடசாமி அடுப்பு நெருப்பில் செத்தவன்.

ராசம்மா கைக்குழந்தையோடு எதிரே நின்றாள். இளைத்து, கறுத்துப்போயிருந்தாள். மொழிபெயர்க்க நின்ற மயில்வாகனம் முதலியார் யாழ்ப்பாணத்து ஆள், மெல்லத்தான் கேட்டார்.

"பயப்பிடாதையும் பிள்ளை. இந்தப் பொம்பிளை ஆர்?"

அங்கம்மா அப்பாவைப் பார்க்கவில்லை.

"எங்க அக்கா. ராசம்மா."

ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கங்காணியின் முகத்தில் ரத்தம் இல்லை. அந்தப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம்.

வக்கீல் அவசரப்படாமல் எழுந்தார்.

"ஒனக்கு எத்தன அக்கா?"

"ஒண்ணுதாங்க."

"அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சுங்க."

அவள் யோசிக்கவே இல்லை. அப்பாவுக்குப் பயந்தும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"யார் கொள்ளி வச்சது?"

"நாந்தாங்க."

"அப்ப இங்க நிக்கிறது?"

அங்கம்மா அக்காவைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். வண்டியில் வந்த நினைப்பு மறுபடியும் தலைதூக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லத்தான் பார்த்தாள். அவளிடம் இருந்த வார்த்தைகளோ அப்பா கொடுத்தவை மட்டும்தான்.

"செத்துப்போன எங்க அக்காங்க இது" என்றாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலியார் அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று திகைத்து, பிறகு அப்படியே சொன்னார். மாஜிஸ்திரேட்டு துரை பேனாவைக் கீழே வைத்தார். அப்போது ராசம்மா யார் தடுத்தும் நிற்காமல் கூண்டருகே வந்து, கம்பிக்கு மேலால் கையை நீட்டினாள்.

"அங்கம்மா, நான் உசிரோட இருக்கேன் புள்ள. தொட்டுப் பாரு. சூடு இருக்குதா இல்லையான்னு தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு."

சோறு ஊட்டிய கைதான். தலை வாரிப் பின்னிய கைதான். அங்கம்மாவின் விரல்கள் கம்பிவரை வந்தன. தொட வேண்டும் என்று அவளுக்கு ஆசை, சத்தியமாக ஆசை. ஆனால் தோலுக்குப் பக்கத்தில் வந்ததும் உடம்பெல்லாம் கூசி, பிணத்தைத் தொடப்போனவள் மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்குப் புத்தி சரியில்லை, இந்தச் சாட்சியை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று துரை எழுதினார். எண்ணெய் டின்னைப் பற்றி ஒருவரும் கேட்கவே இல்லை.

வெளியே கங்காணிமார் கூடிச் சிரித்துப் பேசினார்கள். அழகையா மகளின் தலையைத் தடவி, "எம் புள்ள" என்றார். அவளுக்கு அது காதில் விழவில்லை. கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருப்பதை வரும்போதே பார்த்திருந்தாள். நேரே அங்கே போனாள். வாளியை இறக்கி, தண்ணீர் மொண்டு, உடுத்த துணியோடு தலையில் ஊற்றினாள். மறுபடியும் மொண்டாள், மறுபடியும் ஊற்றினாள். போ என்று அப்பா சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அவளாகவே போனாள்.

வாசல் வழியாக இப்றாஹீம் நானாவோடு வந்த ராசம்மா, தங்கை சாவுத்தீட்டைக் கழுவுவதைப் பார்த்து நின்றுவிட்டாள். குழந்தை தண்ணீர்ச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியது. அவள் அதன் முகத்தைத் தன் தோளோடு சேர்த்து அழுத்தி, அது பார்க்காதபடி மூடிக்கொண்டு நடந்தாள்.